யார் ஓட்டிப் பார்த்த கார்?

கடந்த குளிர்காலத்தில் ஒருநாள் காலை எங்கள் பழைய கார் ஸ்பிரிங்வேல் வீதியில் வைத்து ஒரேயடியாக நின்றுவிட்டது. கியர்பொக்சை மாற்றுகிற செலவு காரின் விலையிலும் பார்க்கக் கூட வரும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நோபல் பார்க்கில் இருந்துகொண்டு கார் இல்லாமல் காலம் தள்ளுவது எவ்வளவு கரைச்சல் என்பது இங்கு வந்து குடியேறிய எல்லோருக்கும் தெரிந்த கதை. ரயில் இருக்கிறதுதான். ஆனால் அந்த ரயில் டண்டினோங் தெற்கில் உள்ள தொழிற்சாலை வாசலுக்கும் போகாது, கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் போகாது.

கையில் இருந்தது சீட்டு எடுத்த காசும், நாங்கள் இருவரும் மாறிமாறி இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த கொஞ்சமும்தான். பெற்றோல் விற்கிற விலையில், பாவித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கினால் என்ன என்று யோசித்தோம். பிழையான காரை வாங்கிவிட்டால் திருப்பி எடுக்க முடியாத காசு அது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம் இந்தக் கதையை எடுத்தோம். வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

“உதை மட்டும் வாங்கிப்போடாதையுங்கோ. குளிருக்குப் பற்றரி செத்துப்போகும். அமெரிக்காவில ஒரு பேப்பர்காரன் ஓடிப் பாக்கப்போய், கடைசியில காரை லொறியில ஏத்தினவங்கள்” என்றார் அத்தான். கட்டுரையையும் தேடி எடுத்துக் காட்டினார்.

“மாமா, அது எப்பவோ நடந்தது. இந்த வீடியோவைப் பாருங்கோ, இவர் எவ்வளவு தூரம் ஓடிக் காட்டுறார் எண்டு” என்று மகள் தன் தொலைபேசியை நீட்டினாள்.

அத்தான் காட்டிய கட்டுரையை எழுதியவர் பேர்போன பத்திரிகையாளர். மகள் காட்டிய வீடியோவில் பேசியவரும் விஷயம் தெரிந்தவர் போலத்தான் இருந்தார். ஒருவர் கிட்டவும் போகாதே என்கிறார், மற்றவர் இன்றைக்கே வாங்கு என்கிறார். அன்றிரவு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். காரைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னர், காரைப் பற்றிச் சொல்கிறவர்களை விசாரிப்போம்.

உண்மையில் இந்தப் பழக்கம் எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோலுக்குத் தடை, ரோச் லைற் பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலியைச் சுற்றியிருந்து செய்தி கேட்போம். அரச வானொலி ஒரு கணக்குச் சொல்லும். புலிகளின் குரல் இன்னொரு கணக்குச் சொல்லும். லண்டன் தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்ட பிறகுதான் பெரியவர்கள் வாய் திறப்பார்கள். யார் சொல்கிறான், எங்கே நின்று சொல்கிறான், அப்படிச் சொல்வதால் அவனுக்கு என்ன லாபம்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் ஒரு செய்தியையும் எங்கள் வீட்டில் நம்பியதில்லை.

“இடைவழியில் நின்றுவிடுமோ” என்ற பயமும் எங்களுக்குப் பழகியதுதான். சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரிலும் ஏ நாற்பதிலும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நாங்கள். ஆகவே அந்த மூன்று கேள்விகளையும் கார் விமர்சனங்களிடம் கேட்கத் தொடங்கினோம்.

முதலில் அத்தானின் கட்டுரை. அதை எழுதியவர் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் ஜோன் புரோடர். 2013 மாசியில் வெளிவந்தது. ரெஸ்லா மொடல் எஸ் காரில், அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக, ஏறத்தாழ 320 கிலோமீற்றர் இடைவெளியில் இருந்த இரண்டு அதிவேக சார்ஜ் நிலையங்களை நம்பிப் பயணம் செய்தார். அந்தக் காரின் அதிகாரபூர்வ ஓட்டத்தூரம் சுமார் 426 கிலோமீற்றர். ஆனால் கடும் குளிர். இரவு ஹோட்டலில் தங்கிய நேரம் காரை சார்ஜில் போடவில்லை. படுக்கப் போகும்போது சுமார் 145 கிலோமீற்றர் ஓடும் என்று காட்டிய கார், விடிய எழும்பிப் பார்த்தால் சுமார் 40 என்று காட்டியது. கடைசியில் கார் லொறியில் ஏற்றப்பட்டது. அந்தப் படத்தைத்தான் உலகம் முழுக்கப் பார்த்தார்கள்.

கம்பனியின் தலைவர் ஈலோன் மஸ்க் அந்தக் கட்டுரை பொய் என்றார். சொன்னதோடு நில்லாமல், காருக்குள் பதிவான கணக்கையும் வெளியிட்டார். மணிக்கு 54 மைலில் ஓடினேன் என்று புரோடர் எழுதிய இடத்தில் கார் சுமார் 60 மைலில் ஓடியிருந்தது. ஹீற்றரைக் குறைத்தேன் என்ற இடத்திலும் பதிவு ஒத்துவரவில்லை. சார்ஜ் நிலையத்தின் தரிப்பிடத்தில் கார் சுற்றிச்சுற்றி ஓடியது, பற்றரியை வேண்டுமென்றே காலி செய்வதற்காகத்தான் என்றார் மஸ்க். இருட்டில் சார்ஜ் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் சுற்றினேன் என்றார் புரோடர்.

பத்திரிகையின் வாசகர் சார்பில் விசாரிக்கும் பொறுப்பில் அப்போது மார்கரெட் சலிவன் இருந்தார். தன் சொந்தப் பத்திரிகையின் நிருபரைத்தான் அவர் விசாரிக்க வேண்டியிருந்தது. புரோடர் நல்லெண்ணத்துடன்தான் ஓட்டினார், ஆனால் குறிப்புகளைத் திருத்தமாக எடுக்கவில்லை, சில இடங்களில் நல்ல தீர்மானமும் எடுக்கவில்லை என்பதே அவருடைய முடிவு.

இந்த இடத்தில் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். எங்களில் பலர் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து தங்கள் கதையைச் சொன்னவர்கள். “முதல்முறை தை மாதம் என்றீர்கள், இப்போது மாசி என்கிறீர்கள், ஆகவே முழுக் கதையும் நம்பத்தக்கதல்ல” என்ற வசனத்தைக் கடிதத்தில் வாசித்து இரவிரவாக நித்திரை கொள்ளாதவர்கள். பிழை வேறு, பொய் வேறு என்பது எங்களுக்கு உடம்பால் தெரியும். 54 என்றும் 60 என்றும் வந்த வித்தியாசம் ஒரு பிழை. அந்தப் பிழையால் குளிரில் பற்றரி இறங்கியது பொய்யாகிவிடாது. அதேநேரம், பலர் காசு போட்டு வாங்கும் பொருளைப் பற்றி எழுதுகிறவர் கொப்பியில் குறிப்பை ஒழுங்காக எழுதியிருக்கத்தான் வேண்டும். இரண்டும் உண்மை.

இன்னொன்றையும் கவனித்தோம். அந்தப் பதிவுக் கணக்கு இருந்தது கம்பனியின் கையில். அதை வெளியிட்டதும், அதற்கு விளக்கம் சொன்னதும் அதே கம்பனி. எண்கள் சரியாக இருக்கலாம். ஆனால் “வேண்டுமென்றே சுற்றினார்” என்பது எண்ணில் இல்லை, அது சொல்பவரின் மனதில் இருக்கிறது. பிறகு சி.என்.என். நிருபர் ஒருவர் அதே பாதையில் ஓடிச் சுகமாகப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்று குளிர் குறைவு, இடையில் இரவு தங்கவும் இல்லை. இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் ஓடிய நாட்கள் இரண்டும் ஒன்றல்ல.

இதைவிடச் சிக்கலானது பிபிசி தொலைக்காட்சியின் ‘ரொப் கியர்’ விவகாரம். 2008 மார்கழியில் ஜெரமி கிளார்க்சன் ரெஸ்லா ரோட்ஸ்ரர் காரை ஓட்டப்பந்தயத் தடத்தில் ஓட்டினார். கம்பனி சுமார் 320 கிலோமீற்றர் ஓடும் என்ற கார், தடத்தில் 55 மைல், அதாவது 88 கிலோமீற்றரோடு முடிந்துவிடும் என்றார். ஆட்கள் காரைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியும் வந்தது. ஆனால் இரண்டு கார்களிலும் சார்ஜ் 20 வீதத்துக்குக் கீழ் இறங்கவே இல்லை என்றது கம்பனி. பற்றரி முடிந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் காட்டினோம் என்றது பிபிசி. 2011இல் கம்பனி லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. பந்தயத் தடத்தில் ஓடுவதையும் வீதியில் ஓடுவதையும் விளக்கமுள்ள எவரும் ஒன்றாக எடுக்கமாட்டார்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது.

அதே நிகழ்ச்சி 2011இல் நிசான் லீவ் காரை இங்கிலாந்தின் லிங்கன் நகருக்குக் கொண்டுபோய், சார்ஜ் முடிந்து நிற்பதாகக் காட்டியது. முழு சார்ஜோடு கொடுத்த கார், அந்தப் பயணத்தைத் தொடங்கியபோது சுமார் 40 வீதத்தில்தான் இருந்தது என்று நிசான் பதிவைக் காட்டியது. நிறையத் தொட்டியோடு புறப்பட்டோம் என்று நிகழ்ச்சியில் ஒருவரும் சொல்லவில்லைதான். பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டார்கள். பக்கச்சார்பு அநேகமாக இப்படித்தான் வருகிறது. எதைச் சொல்கிறார்கள் என்பதைவிட எதை விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு மகளுக்குச் சந்தோசம். “பாத்தீங்களா, பேப்பர்காரர் எல்லாருக்கும் எரிச்சல்” என்றாள். அவள் காட்டிய வீடியோக்காரர்களையும் அதே தராசில் வைத்தோம்.

கார் விமர்சனம் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் காரைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. கம்பனி ஒரு கிழமைக்குக் கொடுக்கும். புதுக் கார் அறிமுகம் என்றால் விமான ரிக்கற், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கம்பனியின் செலவாக இருப்பதும் வழக்கம். விளம்பரமும் அதே கம்பனிகளிடமிருந்துதான் வரவேண்டும். கடுமையாக எழுதினால் அடுத்த கார் கிடைக்காது என்ற பயம் ஒருவரும் சொல்லாமலே மனதில் இருக்கும். ரெஸ்லா 2015இல் ஒரு பரிந்துரைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவருடைய இலக்கத்தைக் கொடுத்து இன்னொருவர் கார் வாங்கினால் பரிந்துரைத்தவருக்குப் பரிசு. மிகக் கூடுதலாக ஆள் சேர்த்தவர்களுக்கு, 2017இல் அறிவித்த புதிய ரோட்ஸ்ரரில் பெரிய கழிவு, அல்லது காரே இலவசம் என்றும் இருந்தது. செலவு கூடிவிட்டதென்று 2019இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். அந்த ஆண்டுகளில் வீடியோவின் கீழே தன் இலக்கத்தைப் போட்டுக்கொண்டு காரைப் புகழ்ந்தவர், கண்டதைத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணத் தரகரிடம் மாப்பிள்ளையின் குணத்தைக் கேட்டு முடிவெடுப்போமா?

இந்த நாட்டில் கார் அரசியலாகவும் ஆகிவிட்டது. 2019 தேர்தலில், தொழிற்கட்சியின் மின்சாரக் கார்க் கொள்கை சனத்தின் வாரஇறுதியையே இல்லாமல் செய்துவிடும், அந்தக் காரில் படகைக் கட்டி இழுக்க முடியாது என்று அப்போதைய பிரதமர் ஸ்கொட் மொரிசன் பிரசாரம் செய்தார். அதன் பிறகு சிலர் காரைப் பற்றி எழுதும்போது கட்சிக் கொடி தெரிகிறது.

அப்படியென்றால் ஒருவரையும் நம்ப ஏலாதா? அப்படியும் இல்லை. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பு விளம்பரம் எடுப்பதில்லை. தாங்கள் யார் என்று சொல்லாமல், எங்களைப்போலக் கடையில் காசு கொடுத்துத்தான் காரை வாங்கிச் சோதிக்கிறது. நோர்வேயின் மோட்டார்வாகனச் சங்கம் குளிர்காலத்தில் பல கார்களை ஒரே நாளில் ஒரே பாதையில், சார்ஜ் முடியும் வரைக்கும் ஓடவிட்டு எழுதுகிறது. ஒன்றுக்குக் குளிர் என்றால் எல்லாவற்றுக்கும் அதே குளிர்.

எங்களுக்குக் கிட்டவே ஒன்று நடக்கிறது. 2015இல் வொக்ஸ்வாகன் கம்பனி டீசல் புகைச் சோதனையில் செய்த மோசடி வெளிவந்த பிறகு, ஆய்வுகூடக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது என்ற குரல் எழுந்தது. மத்திய அரசு 1 கோடி 40 இலட்சம் டொலர் ஒதுக்க, அவுஸ்திரேலிய மோட்டார்வாகனச் சங்கம் 2023இலிருந்து ஜீலோங் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 93 கிலோமீற்றர் பாதையில் கார்களை ஓட்டிப் பார்க்கிறது. 2025 ஆவணியில் முதல் ஐந்து மின்சாரக் கார்களின் கணக்கு வந்தது. ஐந்தும் ஆய்வுகூடத் தூரத்திலும் குறைவாகவே ஓடின. ஸ்மார்ட் 5 வீதம் குறைவு. கியா ஈ.வி.6, ரெஸ்லா மொடல் வை இரண்டும் 8 வீதம். ரெஸ்லா மொடல் 3 513க்குப் பதில் 441 கிலோமீற்றர், 14 வீதம் குறைவு. பி.வை.டி. அற்றோ 3 480க்குப் பதில் 369, 23 வீதம் குறைவு. பெற்றோல் கார்களிலும் பல, சொன்னதைவிடக் கூட எண்ணெய் குடித்தன என்பதையும் அதே சோதனை சொன்னது. அது தலைப்பில் பெரிதாக வருவதில்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அற்றோ 3இன் 480 என்பது கைவிடப்பட்டு வரும் பழைய ஐரோப்பிய முறையில் அளந்த தூரம். அந்த முறை கார்களுக்குத் தாராளமாகப் புள்ளி போடும். புதிய, கடுமையான முறையில் அதே காருக்கு 420. அதோடு ஒப்பிட்டால் குறைவு 12 வீதம்தான். சோதித்தவர்களில் பிழையில்லை, ஓடிய தூரமும் மாறவில்லை. ஆனால் எந்த அளவுகோல் என்று கேட்காமல் வீதத்தை மட்டும் வாசித்தால், நல்ல சோதனையிலிருந்தும் பிழையான முடிவுக்கு வரலாம். ஆகவே நாங்கள் வீதத்தை விட்டுவிட்டுக் கிலோமீற்றரைப் பார்க்கப் பழகினோம்.

இவ்வளவும் வாசித்த பிறகு ஆடி மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒரு மின்சாரக் காரை வாடகைக்கு எடுத்தோம். மகள் கொப்பியும் பேனையும் எடுத்து முன்சீற்றில் இருந்தாள். அத்தானையும் வலுக்கட்டாயமாக ஏற்றினோம். நோபல் பார்க்கில் 100 வீதம், கார் காட்டிய தூரம் 400. நாலு பேர், ஹீற்றர் போட்டபடி, நெடுஞ்சாலையில் 100 வேகம். ஜீலோங்கில் உள்ள உறவினர் வீட்டில் சாப்பிட்டுத் திரும்பி வர 214 கிலோமீற்றர். மிச்சம் 38 வீதம். அந்தக் கணக்கில் முழு சார்ஜுக்கு ஏறத்தாழ 345. அத்தான் சொன்னமாதிரிப் பற்றரி சாகவும் இல்லை, மகள் சொன்னமாதிரி 400 ஓடவும் இல்லை. இரண்டு பேரும் கொப்பியைப் பார்த்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை.

எங்களுக்கு நாளாந்தம் தேவை 40 கிலோமீற்றர்தான். ஆகவே காரில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அதை ஒரு விமர்சகரும் எங்களிடம் கேட்கவில்லை. “இரவில் காரை எங்கே சொருகுவீர்கள்?”

சாதாரண வீட்டுப் பிளக்கில் சொருகினால் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுகிற அளவு ஏறும். இரவு பத்து மணித்தியாலம் போட்டால் எங்களுக்குத் தாராளம். ஆனால் நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடித் தொடர் ஒன்றில். கார் நிற்பது பின்பக்கத்துப் பொதுத் தரிப்பிடத்தில். அங்கே பிளக் இல்லை, போடவும் அனுமதி கிடைக்கவில்லை. வெளியில் அதிவேக சார்ஜ் போட்டால் வீட்டு மின்சாரத்தைவிட விலை கூட, இரவு வேலை முடிந்து வந்து அங்கே காத்திருக்கவும் வேண்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் அநேகமாகச் சொந்த வீடும் கராஜும் உள்ளவர்கள். ஒரு கிழமையில் காரைத் திருப்பிக் கொடுப்பவர்கள். வாடகை வீட்டுக்காரன், பாவித்த காரின் பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாதவன், காப்புறுதிக் காசை மாதமாதம் எண்ணிக் கட்டுகிறவன், இவர்களுக்காக எழுதுகிறவர்கள் குறைவு. இது ஒருவருக்கும் லஞ்சம் கொடுத்து வந்த பக்கச்சார்பல்ல. அவரவர் வாழ்க்கை அவரவர் கண்ணை நிற்பாட்டுகிற இடம் அது.

கடைசியில் நாங்கள் பாவித்த ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினோம். எங்கள் கொப்பியைப் பார்த்துவிட்டு, கீஸ்பரோவில் கராஜோடு வீடு உள்ள நண்பர் குடும்பம் மின்சாரக் காரை வாங்கியது. ஒரே கணக்கு, இரண்டு முடிவு. இரண்டும் சரி என்றே நினைக்கிறோம்.

புதிதாக வந்து குடியேறி முதல் காரை வாங்கப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விமர்சனத்தை வாசியுங்கள், ஆனால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். புகழ்கிறதில் ஒன்று, இகழ்கிறதில் ஒன்று, அளந்து எழுதியதில் ஒன்று வாசியுங்கள். கார் யாருடைய காசு, எந்தக் காலநிலை, எத்தனை வீதத்தில் தொடங்கியது, எந்த வேகம், எந்த அளவுகோல் என்று தேடுங்கள். பிழை விட்டவரை உடனே பொய்யர் என்று சொல்லாதீர்கள், எங்களுக்கு அப்படிச் சொன்னபோது எப்படி வலித்தது என்று நினைத்துப் பாருங்கள். பாவித்த கார் என்றால் பற்றரியின் நிலையைச் சோதித்த தாளைக் கேளுங்கள். வாங்கமுன் ஒருநாளாவது உங்கள் பாதையில், உங்கள் பிள்ளைகளை ஏற்றி ஓடிப் பாருங்கள்.

மின்சாரக் கார் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், எத்தனை வீதத்தில் புறப்பட்டு எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள், அன்று குளிரா வெயிலா என்று குறித்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். கெட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள். அத்தான் இப்போது தன் பழைய காரை மாற்ற யோசிக்கிறார். முதல் வேலையாக எங்கள் கொப்பியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.